பல் டாக்டர் நாற்காலியில சாய்ஞ்சாலே மூச்சு முட்டுது: மயக்கம் கொடுத்துப் பார்க்க எவ்வளவு ஆகும்?

கணக்குக்காரி (தங்கச்சிமடம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 38. மண்டபத்துல ஒரு இறால் கம்பெனியில கணக்கு எழுதுறேன். வீட்டுக்காரர் ராமேஸ்வரத்துல இருந்து விசைப்படகுல கடலுக்குப் போறாக. பிள்ளைக ரெண்டு. இதை எதுக்கு முதல்லயே சொல்றேன்னா, கேக்கப் போற கேள்வியில பல்லும் இருக்கு, காசும் இருக்கு, துணைக்கு யாருங்கிறதும் இருக்கு.

கீழ் வரிசையில இடது பக்கம் கடவாய்ப்பல் ரெண்டும் சொத்தை. அதுக்குப் பின்னாடி ஞானப்பல் படுத்த வாக்குல வளர்ந்து முன்னாடி இருக்கிற கடவாய்ப்பல்லை முட்டிக்கிட்டு நிக்குது. ராமநாதபுரத்துல எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, ரெண்டு பல்லுக்கும் வேர் சிகிச்சை பண்ணிக் கேப் போடணும், ஞானப்பல்லை ஈறைக் கீறித்தான் எடுக்கணும், மேல சின்னதா ரெண்டு இடத்துல அடைக்கணும்னு சொன்னாக. சரின்னு ஒத்துக்கிட்டுத்தான் உக்காந்தேன்.

நாற்காலியைச் சாய்ச்சாங்க. ஊசி போட்டாங்க, அது ஒண்ணும் தெரியல. மிஷினை வச்சுக் குடைய ஆரம்பிச்சதும் அதோட சேர்ந்து தண்ணியும் பீச்சுது பாருங்க, அந்தத் தண்ணி நாக்குக்கு மேல வழிஞ்சு தொண்டைக்குழியில போய்த் தேங்குச்சு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. உதடு மரத்துப்போனதால வாயை மூடிட்டேனா திறந்திருக்கேனான்னே தெரியல. மூச்சு நின்னுபோச்சுன்னே நெனச்சேன். டாக்டர் கையைத் தட்டிவிட்டு எந்திரிச்சுட்டேன். தட்டுல இருந்த சாமானெல்லாம் தரையில உருண்டு ஓடுது. "ரெண்டு பிள்ளை பெத்தவங்க, இதுக்குப் போயா இப்பிடி"ன்னு வெளிய உக்காந்திருந்தவுகளுக்கும் கேக்குற மாதிரி சொன்னாக. அதுக்கப்பறம் அந்தப் படி ஏறல.

நான் வலி தாங்காதவ இல்லீங்க. கெளுத்தி முள்ளு உள்ளங்கையில ஏறினப்ப நானேதான் குறடு வச்சுப் பிடுங்கினேன். ஊசிக்கும் பயமில்ல. கடலோரத்துல பொறந்தவ, நல்லாவே நீந்துவேன், தண்ணிக்கும் பயம் கிடையாது. மல்லாக்கப் படுத்துக்கிட்டு, இன்னொருத்தர் கை வாய்க்குள்ள இருக்கையில தொண்டையில தண்ணி நிக்கிறது மட்டும்தான் ஆகாது. ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. வீட்ல பல் தேய்க்கும்போது குனிஞ்சுதான் கொப்பளிப்பேன், அண்ணாந்து கொப்பளிக்க மாட்டேன்.

இப்ப நிலைமை என்னன்னா, வலது பக்கம் மட்டும்தான் மெல்லுறேன். வலி வந்தா மெடிக்கல்ல கெட்டோரால் டிடி வாங்கித் தண்ணியில கரைச்சுக் குடிக்கிறேன். ராத்திரிதான் குடைச்சல் ஜாஸ்தி.

மதுரையில மயக்கம் கொடுத்துப் பல் வேலை பார்க்கிற இடம் இருக்குன்னு கேள்விப்பட்டுப் போன்ல விசாரிச்சேன். மூக்குல கேஸ் வச்சுப் பார்த்தா ஒவ்வொரு தடவைக்கும் 2500. கையில நரம்பு வழியா மருந்து ஏத்தினா மயக்க டாக்டர் தனியா வருவாராம், அதுக்கு 9000. பல்லுக்கான காசு இதுல சேராது. எல்லாம் முடிய நாலஞ்சு தடவை வரணுங்கிறாங்க. காப்பீட்டு அட்டை இருக்குன்னு சொன்னேன். இந்த மாதிரி வந்து போற பல் வேலைக்கு அது ஆகாதுன்னுட்டாங்க.

மயக்கம் கொடுத்தா கூட ஒரு ஆள் கட்டாயம் வரணுமாம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் அவுக கரையிலதான் இருப்பாக, அப்பப் போகலாம்னு நெனச்சேன். ஆனா அப்பக் காசு இருக்காது. இறால் வராததால எங்க கம்பெனியிலயும் பாதி நாள் வேலை இல்ல. தடைக்கால நிவாரணம் 8000 வரும், அது பள்ளிக்கூடச் செலவுக்கே காணாது. கடலுக்குப் போற மாசம்னா காசு புரளும், ஆள் இருக்காது.

கேள்வி இதுதான். கேஸா, நரம்பு மருந்தா, எது நல்லது? இவ்வளவு காசு கொடுத்தா நிஜமாவே ஒண்ணும் தெரியாம இருக்குமா? இல்ல, இதெல்லாம் இல்லாமலே சமாளிச்சவுங்க யாராவது இருக்கீங்களா? "தைரியமா இருங்க"ன்னு மட்டும் எழுதிராதீங்க. அதை வீட்லயே நாலு பேரு சொல்லியாச்சு.

சாயல்குடிக்காரன்

கிராம்பு எண்ணெயைப் பஞ்சுல தொட்டு வைங்க, போதும். நான் வருசக்கணக்கா டாக்டர்கிட்டப் போனதே இல்ல. இவங்ககிட்டப் போனா ஒரு பல்லுக்குப் போயி நாலு பல்லுக்குக் காசு வாங்கிருவாங்க.

கணக்குக்காரி

அண்ணே, கிராம்பு எண்ணெய் பாட்டில் அடுப்பங்கரையில உப்பு டப்பாவுக்குப் பக்கத்துலயே இருக்கு. அது கேக்காமப் போனதுனாலதான் இங்க வந்து எழுதுறேன்.

கீழக்கரை காக்கா

தங்கச்சி, நான் கேஸ் வச்சுப் பார்த்தவன், அதனால சொல்றேன். உங்களுக்குத் தண்ணி மாதிரி எனக்கு அந்த மிஷின் சத்தம். கேட்டாலே கை காலெல்லாம் வேர்த்துரும். துபாய்ல இருந்த வரைக்கும் அங்க விலைக்குப் பயந்து தள்ளிப் போட்டேன், ஊருக்கு வந்து சத்தத்துக்குப் பயந்து தள்ளிப் போட்டேன்.

மதுரையிலதான் பண்ணினேன். மூக்கை மட்டும் மூடுற ரப்பர் மாஸ்க், வாய் திறந்தேதான் இருக்கும். முதல்ல வெறும் ஆக்சிஜன் வரும், அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா கேஸைக் கூட்டுவாங்க. விரல் நுனியில எறும்பு ஊருற மாதிரி இருந்துச்சு, அப்பறம் கால் கனத்துப்போச்சு. மிஷின் சத்தம் கேக்காமப் போகல, நல்லாவே கேட்டுச்சு. ஆனா அது யாருக்கோ நடக்குதுன்னு தோணுச்சு, அவ்வளவுதான். டாக்டர் "வாயை இன்னும் திறங்க"ன்னா திறந்தேன். தூங்கல. நடுவுல என்னமோ ஞாபகம் வந்து சிரிச்சேன்னு நர்ஸ் சொல்லிச்சு.

ஒண்ணை மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. கேஸ் வச்சாலும் பல்லு மரத்துப்போற ஊசியை எனக்குத் தனியாப் போட்டாங்க. கேஸ் பயத்துக்கு, ஊசி வலிக்கு. அது தெரியாமப் போனதால "காசும் வாங்கிட்டு ஊசியும் குத்துறானே"ன்னு எனக்குக் கோபம் வந்துருச்சு.

முடிஞ்சதும் அஞ்சு நிமிசம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தாங்க. தலை தெளிஞ்சிருச்சு. கொஞ்ச நேரம் உக்கார வச்சுட்டு அனுப்புனாங்க. மச்சான் கூட வந்திருந்தான், ஆனா நானாத்தான் நடந்துபோய் பஸ் ஏறினேன். மூக்கு அடைச்சிருந்தா இது வேலைக்கு ஆகாது, சளி இருக்கிற அன்னைக்குப் போகாதீங்க.

பல் டாக்டர், பரமக்குடி

வணக்கம். நான் பல் மருத்துவர். இந்தப் பக்கத்துல சின்னதா ஒரு கிளினிக் வச்சிருக்கேன். மயக்கம் கொடுக்கிற வசதி என்கிட்ட இல்ல, அதனால வியாபாரத்துக்காகச் சொல்றேன்னு நினைக்க வேண்டாம்.

முதல்ல ஒரு விசயம். பல் வைத்தியப் பயத்தை அளக்க நாங்க அஞ்சு கேள்வி கேக்குறது உண்டு. நாளைக்கு வரணும்னா எப்படி இருக்கும், வெளியில காத்திருக்கும்போது எப்படி, குடையும்போது, சுத்தம் பண்ணும்போது, ஊசி போடும்போது எப்படின்னு. ஒவ்வொண்ணுக்கும் 1-ல இருந்து 5 வரை மதிப்பெண், மொத்தம் 25. 19-ஓ அதுக்கு மேலயோ வந்தா கடுமையான பயம்னு எடுத்துக்குவோம். நீங்க எழுதினதைப் படிச்சா ஊசிக்கு 1 போடுவீங்க, குடையறதுக்கு 5 போடுவீங்க. அப்ப உங்களுக்கு எல்லாத்துலயும் பயம் இல்ல, ஒரே ஒரு இடத்துல இருக்கு. இது காசு விசயத்துலயும் உங்களுக்குச் சாதகம்.

வேர் சிகிச்சைக்கு ரப்பர் டேம்னு ஒண்ணு இருக்கு. மெல்லிசான ரப்பர் தாள். அதுல ஓட்டை போட்டு, வேலை நடக்கிற பல்லை மட்டும் வெளிய எடுத்து, ஒரு கிளாம்ப் மாட்டிருவோம். மிஷின் தண்ணி அந்தத் தாளுக்கு மேலேயே நின்னுரும், அங்கேயே உறிஞ்சிக்கலாம். தொண்டைக்குத் தண்ணியும் போகாது, மருந்தும் போகாது, சின்னச் சாமான் எதுவும் உள்ள விழாது. வேர் சிகிச்சைக்கு எல்லாரும் போட வேண்டியதுதான், அவசரத்துல பல பேர் விட்டுருவாங்க. "ரப்பர் டேம் போடுவீங்களா"ன்னு போன்லயே கேளுங்க. சிலருக்கு அந்தத் தாளே மூச்சு அடைக்கிற மாதிரி இருக்கும். அதனால முதல்ல ஒருதரம் சும்மா மாட்டிக் காட்டச் சொல்லி, மூக்கு வழியா மூச்சு விட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா உடனே கழட்டிரலாம்.

அதோட நாற்காலியை முழுசாச் சாய்க்கணும்னு கட்டாயம் இல்ல. பாதி உக்காந்த வாக்குலயே வேலை பார்க்கலாம். எங்களுக்கு இடுப்பு வலிக்கும், அது எங்க பாடு. கையைத் தூக்கினா நிறுத்தணும்னு முதல்லயே பேசிக்கோங்க. முதல் தடவை தூக்கினதும் நிஜமாவே நிறுத்துறாரான்னு பாருங்க. நிறுத்தலைன்னா வேற டாக்டரைப் பாருங்க.

இப்ப மயக்கம். கேஸ்னா நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் கலந்தது. 1844-லயே அமெரிக்காவுல ஹோரஸ் வெல்ஸ்னு ஒரு பல் மருத்துவர் பல் பிடுங்கப் பயன்படுத்தினது. சீக்கிரம் ஏறும், நிறுத்தினதும் சீக்கிரம் இறங்கும். மூக்கடைப்பு இருக்கிறவங்களுக்கும், கர்ப்பத்தோட முதல் மூணு மாசத்துலயும் வேண்டாம்னு தவிர்ப்போம். காக்கா சொன்ன மாதிரி இதுல தூக்கம் வராது, கூப்பிட்டா பதில் சொல்வீங்க.

நரம்பு வழியா ஏத்துறது பெரும்பாலும் மிடசோலம். இதுலயும் முழு மயக்கம் கிடையாது, அரைத்தூக்கம். ஆனா நடந்தது பாதி ஞாபகத்துல இருக்காது. மயக்க மருத்துவர் கூடவே இருக்கணும், விரல்ல ஆக்சிஜன் அளவு காட்டுற கருவி மாட்டியிருக்கணும், பக்கத்துல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கணும். இந்த மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் எவ்வளவு மலிவா இருந்தாலும் ஒத்துக்காதீங்க. சாப்பாடு 6 மணி நேரம் முன்னாடியும், வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடியும் நிறுத்தச் சொல்லுவாங்க. அன்னைக்கு முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, அடுப்படி வேலை வேண்டாம், எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம். துணைக்கு ஆள் கேக்குறது இதுக்காகத்தான்.

மூணாவதா மாத்திரையும் உண்டு, முந்தின ராத்திரியோ ஒரு மணி நேரம் முன்னாடியோ போடுறது. செலவு ரொம்பக் கம்மி. ஆனா ஒருத்தருக்கு ஏறுற அளவு இன்னொருத்தருக்கு ஏறாது. டாக்டர் எழுதிக் கொடுத்தா மட்டும் போடுங்க. பக்கத்து வீட்ல இருக்குன்னு வாங்கிப் போடாதீங்க. இதுக்கும் துணைக்கு ஆள் வேணும்.

காசுக்கு வர்றேன். மயக்க மருத்துவர் கட்டணம் பல்லுக்கு இல்ல, அவர் வந்து போறதுக்கு. அதனால எந்த வேலைக்கு அவர் தேவைன்னு பிரிச்சுப் பாருங்க. மேல இருக்கிற ரெண்டு அடைப்பும் சின்ன வேலை, பாதி உக்காந்தபடியே முடிச்சிரலாம். வேர் சிகிச்சை ரெண்டுக்கும் ரப்பர் டேம். மிச்சம் ஞானப்பல் ஒண்ணுதான். அதுக்கு ரப்பர் டேம் மாட்ட முடியாது, எலும்பைக் கொஞ்சம் குடைய வேண்டி வந்தா தண்ணியும் பீச்சுவோம். மயக்கத்துக்குக் காசு போடுறதா இருந்தா அங்க போடுங்க. நாலஞ்சு தடவைன்னு பயந்த இடத்துல ஒரே தடவையோட முடியும். 9000-த்துல மருந்து, மானிட்டர், முன்னாடி எடுக்கிற ரத்தப் பரிசோதனை எல்லாம் சேருமா, பாதியில நிறுத்த வேண்டி வந்தா என்ன கணக்குன்னு எழுதி வாங்கிக்கோங்க. நீங்க கணக்கு எழுதுறவங்க, நான் சொல்லித்தர வேண்டியதில்ல.

இன்னொண்ணு. ஊசி போட்டதும் ரெண்டு நிமிசம் நெஞ்சு படபடன்னு அடிச்சா அது ஊசி மருந்துல கலந்திருக்கிற அட்ரினலின், பெரும்பாலும் தானா அடங்கிரும். அதைப் பயம்னு நினைச்சு இன்னும் பயப்படுறவங்க நிறைய.

கெட்டோரால் சமாச்சாரம் எனக்குப் பிடிக்கல. அது மொத்தமா 5 நாளுக்கு மேல போடக் கூடாத மாத்திரை. வயித்தையும் கிட்னியையும் கெடுக்கும். சீழ் கட்டின பிறகு வந்தா மரத்துப்போற ஊசியும் சரியாப் பிடிக்காது. அப்ப நிஜமாவே வலிக்கும், இருக்கிற பயத்தோட அதுவும் சேர்ந்துக்கும். தாடைக்குக் கீழ வீங்கி, வாய் திறக்க முடியாம, முழுங்கக் கஷ்டமா இருந்தா தடைக்காலம் எல்லாம் பார்க்காதீங்க. அன்னைக்கே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிருங்க.

சாயல்குடி அண்ணனுக்கு: கிராம்பு எண்ணெய்ல இருக்கிற யூஜினாலை நாங்களும் தற்காலிக அடைப்புல கலக்குறோம். குடைச்சலைக் கொஞ்சம் அமர்த்தும். சொத்தையை நிறுத்தாது.

தொண்டிப் பொண்ணு

அக்கா, டாக்டர் எல்லாம் சொல்லிட்டாரு. நான் காசில்லாம முடிச்ச கதையைச் சொல்றேன். புதுக்கோட்டையில 2023-ல அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாங்கல்ல, அங்கதான் போனேன். காலையிலேயே போயி சீட்டு வாங்கணும், கூட்டமா இருக்கும், ஒரு வேலைக்கு ரொம்ப நேரம் ஆகும். படிக்கிற பிள்ளைக பண்றதை மேல இருக்கிற டாக்டர் வந்து வந்து பார்த்துட்டுப் போவாரு. எனக்குப் பஸ் காசுதான் பெருசா ஆச்சு. மயக்கத்தைப் பத்தி நான் கேக்கல.

எனக்கும் உங்களை மாதிரியே தொண்டையில ஏதாவது பட்டா ஓங்கரிக்கும். அந்தப் பொண்ணுகிட்ட முதல்லயே சொல்லிட்டேன். அது என்ன பண்ணுச்சு தெரியுமா, எச்சி உறிஞ்சுற குழாயை என் கையிலயே கொடுத்துருச்சு. "தண்ணி சேருதுன்னு தோணினா நீங்களே உறிஞ்சிக்கங்க அக்கா, என்னைக் கேக்க வேணாம்"னு சொல்லிச்சு. அவ்வளவுதான். குழாய் என் கையில இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகல. பாதி நேரம் தண்ணியே இல்லாத இடத்துலகூட உறிஞ்சிக்கிட்டுத்தான் இருந்தேன், கர் கர்னு சத்தம் கேட்டுக்கிட்டே.

அப்பறம், உங்க வீட்டுக்காரர் திங்கள், புதன், சனிதானே கடலுக்குப் போவாக? மறுநாள் காலையில வந்து தூங்குவாக, சரி. வெள்ளிக்கிழமை? எங்க மாமாவும் ராமேஸ்வரத்துல படகுல போனவருதான். வெள்ளிக்கிழமை வலையைத் தைக்கிறேன்னு சொல்லிட்டு டீக்கடையில உக்காந்திருப்பாரு.

கணக்குக்காரி

தொண்டித் தங்கச்சி, வெள்ளிக்கிழமை விசயத்தைப் படிச்சுக் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே "போவோம்"னுட்டாக. டீசல் செலவு, ஐஸ் செலவு, பங்கு எல்லாம் போக அந்த வாரம் கையில என்ன நிக்குதுன்னு பார்த்துக்கிட்டுத்தான். தடைக்காலம் வரைக்கும் காத்திருக்கப் போறதில்ல.

ராமநாதபுரத்துலயே வேற ரெண்டு இடத்துக்குப் போன் போட்டேன். ஒரு இடத்துல ரப்பர் டேம்னதும் "அதெல்லாம் தேவையில்லம்மா"ன்னு வச்சுட்டாக. இன்னொரு இடத்துல ஒரு லேடி டாக்டரே பேசினாங்க. போடுவாங்களாம், குழாயைக் கையில தரவும் சம்மதம், முதல் நாள் நாற்காலியில உக்காந்து பேசிட்டு மட்டும் போங்க, அன்னைக்குப் பார்க்கிற காசு மட்டும்தான்னாங்க. மேல் அடைப்பை முதல்ல முடிச்சு, அது எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு வேர் சிகிச்சைக்கு வரலாம்னு சொன்னாங்க. ஞானப்பல்லுக்கு மட்டும் மதுரை. பாம்பன்ல ரயில் ஏறினா பஸ்ஸைவிடச் செலவு கம்மி. கேஸா நரம்பா அப்ப முடிவு பண்ணிக்கிறேன். 2500-ஓட நிக்குமான்னுதான் மனசு பார்க்குது.

டாக்டர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. எனக்குத் தைராய்டு கம்மி, தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை போடச் சொல்லியிருக்காங்க. தீர்ந்துபோய் கொஞ்ச நாளா வாங்கல. பல்லுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா?

பல் டாக்டர், பரமக்குடி

இருக்கு. அடைப்புக்கும் வேர் சிகிச்சைக்கும் பெருசா இல்ல, மயக்கத்துக்கு இருக்கு. தைராய்டு கம்மியாகிக் கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்கு மயக்க மருந்து வழக்கத்தைவிட ஜாஸ்தியா ஏறும். உங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைப் பார்த்து மறுபடி ஆரம்பிச்சுருங்க. ஆறு வாரம் கழிச்சு டிஎஸ்எச்ங்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து, அந்த ரிப்போர்ட்டை மதுரைக்குக் கையோட கொண்டுபோங்க. மயக்க மருத்துவர் கேக்காட்டியும் நீங்களா எடுத்துக் காட்டுங்க. தூங்கும்போது சத்தமா குறட்டை விடுற பழக்கம் இருந்தா அதையும் சொல்லணும்.

கணக்குக்காரி

குறட்டை நான் விடுறதில்லீங்க டாக்டர். அவுக வேற மாதிரி சொல்றாக. அதையும் எழுதி வச்சுக்கிறேன்.